முதுகில் போடும் ஊசியும் இறங்குகிற பிரஷரும் – ஒரு பழைய கதை



நீளமான பதிவு. போன முறை பக்கிங்ஹாம் கால்வாய் பற்றி எழுதியபோது "டீச்சர், வகுப்பு முடிஞ்சு மணி அடிச்ச பிறகும் விடமாட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். இப்போதும் விடப்போவதில்லை. காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக ஒரே விவாதம். என் தங்கை மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். குழந்தை இன்னும் தலைகீழாகத் திரும்பவில்லை. சிசேரியன்தான் என்று அடையாறில் அவள் பார்க்கிற டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு ஆபரேஷனைப் பற்றிப் பயம் இல்லை. முதுகில் போடுகிற ஊசிதான் பயம். "பெரியம்மா, எனக்கு முழு மயக்கம் கொடுத்துடச் சொல்லுங்க. முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலின்னு எல்லாரும் சொல்றாங்க" என்கிறாள். எல்லாரும் என்றால் இரண்டு அத்தைகள், மந்தைவெளியில் ஒரு பக்கத்து வீட்டு மாமி, அப்புறம் யூடியூப்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியப் பயிற்சி டிப்ளமோ முடித்து, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியலும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவள், அவ்வளவுதான். ஆனால் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு பெண் இன்று மயக்க மருந்து டாக்டர். அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் சொன்னதையும், அவள் கொடுத்த புத்தகங்களில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். எந்த விஷயமானாலும் அது எங்கே தொடங்கியது என்று தெரிந்தால்தான் எனக்குப் பயம் போகும். அவளுக்கும் போகலாம்.

நம் எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ல் தொடங்கியது. அந்த வருடத்தை மனதில் வையுங்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் கொடுத்து, வலி தெரியாமல் அறுவை செய்ய முடியும் என்று எல்லார் முன்னாலும் காட்டியது 1846 அக்டோபர் 16. அதாவது நம் ஆஸ்பத்திரி திறந்தபோது உலகில் எந்த ஆஸ்பத்திரியிலும் மயக்க மருந்து வழக்கத்தில் இல்லை. மறு வருடம் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தார். பைபிளில் வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று இருக்கிறதே, அதை மாற்றலாமா என்றெல்லாம் வாதம் நடந்தது. 1853-ல் விக்டோரியா மகாராணியே ஜான் ஸ்னோ என்ற டாக்டரிடம் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டு பிள்ளை பெற்றார். அதற்குப் பிறகு வாதம் அடங்கிப்போனது. ராணியம்மா செய்துவிட்டால் ஊரும் செய்யும்!

அந்த ராணியம்மாவின் பெயரைத் தாங்கிய ஆஸ்பத்திரி நம் திருவல்லிக்கேணியில் இருக்கிறது. இப்போது கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. எங்கள் அம்மா காலத்துக்காரர்களுக்கு அது "கோஷா ஆஸ்பத்திரி". அதை 1885-ல் தொடங்கிய மேரி ஷார்லீப் பற்றி ஒரு பாடமே நடத்தலாம். சென்னையில் வக்கீலாக இருந்தவரின் மனைவி. ஆண் டாக்டர் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று வீட்டுக்குள்ளேயே இருந்து பிரசவத்தில் செத்துப்போகிற பெண்களின் கதைகளைக் கேட்டு, தானே டாக்டராவது என்று முடிவு செய்தார். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்தார்கள். லண்டன் போய் மேலே படித்துத் திரும்பி வந்து, நுங்கம்பாக்கத்தில் ஒரு வீட்டில் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். பிறகுதான் அது கடற்கரைப் பக்கம் வந்தது. நான் பிறந்ததும் அங்கேதான்.

ஆனால் அந்தக் காலத்தில் சிசேரியன் என்பது தாயைக் காப்பாற்றும் வழி அல்ல. கர்ப்பப்பையைக் கிழித்தால் திரும்பத் தைப்பதில்லை. தானே சுருங்கிவிடும் என்று விட்டுவிடுவார்கள். ரத்தப் போக்கிலும் சீழ் பிடித்தும் பெரும்பாலான தாய்மார் இறந்தார்கள். ஜெர்மனியில் மாக்ஸ் சேங்கர் என்பவர் கர்ப்பப்பையைப் பட்டு நூலாலும் வெள்ளிக் கம்பியாலும் நன்றாகத் தைக்க வேண்டும் என்று எழுதியது 1882-ல். நம் எழும்பூர் ஆஸ்பத்திரி இப்போதுள்ள இடத்துக்கு வந்ததும் அதே 1882-தான். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. வருடங்கள் இப்படி ஒட்டிக்கொண்டால் எனக்கு நினைவில் நிற்கும், அதனால் சொல்கிறேன்.

இனி ஊசிக்கு வருவோம்.

1898 ஆகஸ்ட் 16. ஜெர்மனியில் கீல் என்ற துறைமுக ஊர். ஆகஸ்ட் பியர் என்ற அறுவை டாக்டர், கணுக்காலில் காசநோய் வந்த ஒரு கூலித் தொழிலாளியின் முதுகெலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்தி, உள்ளே இருக்கிற தண்ணீர் போன்ற திரவத்தில் கொஞ்சம் கோகேய்ன் மருந்தைக் கலந்தார். ஆமாம், இன்று போலீஸ் பிடிக்கிற அதே சரக்கு. இடுப்புக்குக் கீழே வலி போய்விட்டது. ஆள் விழித்துக்கொண்டே இருந்தார். ஆனால் அடுத்த நாட்களில் நோயாளிகளுக்குப் பயங்கரத் தலைவலி. ஏன் என்று தெரிந்துகொள்ள, தனக்கே போட்டுப் பார்ப்பது என்று பியர் முடிவு செய்தார்.

ஆகஸ்ட் 24 சாயங்காலம் அவருடைய உதவியாளர் ஹில்டெப்ராண்ட், பியரின் முதுகில் ஊசியை ஏற்றினார். சிரிஞ்சு ஊசிக்குப் பொருந்தவில்லை! உள்ளிருந்த திரவம் வழிந்துகொண்டே இருக்க, மருந்தும் வெளியே போய்விட்டது. சரி, ஆளை மாற்றுவோம் என்று ஹில்டெப்ராண்ட் முதுகைக் காட்டினார். இந்தத் தடவை ஏறியது. அப்புறம் பியர் அவர் காலில் ஊசியால் குத்தினார், முடியைப் பிடுங்கினார், எரிகிற சுருட்டை வைத்துச் சுட்டார், இரும்புச் சுத்தியால் முழங்காலுக்குக் கீழே அடித்தார். எதுவும் வலிக்கவில்லை. இருவரும் சந்தோஷமாகச் சாப்பிட்டு, ஒயின் குடித்து, சுருட்டுப் புகைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள். மறுநாள் முதல் பியருக்கு எழுந்து நின்றால் தலைவலி. ஒன்பது நாள் படுக்கை. ஹில்டெப்ராண்ட் நிலைமை இன்னும் மோசம். தலைவலி, வாந்தி, போதாததற்குச் சுத்தியடி பட்ட கால்களில் வலி.

பியர் அங்கேயே காரணத்தையும் ஊகித்துவிட்டார்: திரவம் நிறைய ஒழுகியதால்தான் தலைவலி. 125 வருடம் கழித்தும் அந்த விளக்கம்தான் அடிப்படை. ஊசி தடிமனாக இருந்தால் ஓட்டையும் பெரிதாக இருக்கும், ஒழுகலும் அதிகம். அதனால்தான் இன்று தலைமுடிக்குக் கொஞ்சம் மேல் என்று சொல்லுகிற அளவு மெல்லிய ஊசி, அதிலும் நுனி பென்சில் முனை போல இருக்கிற ஊசி. அது நாரை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும்.

இரண்டு வருடத்துக்குள், 1900-ல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆஸ்கர் க்ரைஸ் என்ற டாக்டர் பிரசவ வலியில் இருந்த ஆறு பெண்களுக்கு இதைச் செய்தார். ஆனால் பிரசவத்தில் இந்த ஊசி சீக்கிரமே கெட்ட பெயர் வாங்கியது. வயிற்றில் பிள்ளை இல்லாதவர்களுக்குச் சரியாக இருந்த அளவு, கர்ப்பிணிக்குப் போட்டால் சில நிமிடத்தில் முகம் வெளுத்து, வாந்தி எடுத்து, மயங்கிப்போனார்கள். சிலர் திரும்பவே இல்லை. ஏன் என்று புரிவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. இங்கேதான் பிரஷர் வருகிறது.

மயிலாப்பூர் ஃபிளாட்டில் இருக்கிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். காலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால், மேல் மாடி ஷவரில் தண்ணீர் சொட்டுகிறது அல்லவா? தொட்டியில் தண்ணீர் குறையவில்லை. குழாய்கள் எல்லாம் அகலத் திறந்துகொண்டதால் அழுத்தம் போய்விட்டது. நம் ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்துவைக்கும் நரம்புகள் முதுகுத் தண்டிலிருந்துதான் போகின்றன. முதுகு ஊசி வலி நரம்பை மட்டும் பார்த்து அணைப்பதில்லை. இந்த நரம்புகளையும் சேர்த்து அணைத்துவிடும். கால், வயிறு முழுக்க ரத்தக் குழாய்கள் தளர்ந்து, ரத்தம் அங்கேயே தேங்கும். பிரஷர் இறங்கும்.

கர்ப்பிணிக்கு இது இரட்டைக் கஷ்டம். நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தத்துக்குத் தனியாகத் தாங்கிக்கொள்ளும் வசதி இல்லை. தாயின் பிரஷர் இறங்கினால் பிள்ளைக்குப் போகிற ரத்தமும் அப்படியே குறையும். இன்னொன்று, மல்லாந்து படுத்தால் கனத்த கர்ப்பப்பை முதுகெலும்புக்கு வலப்பக்கமாக ஓடுகிற பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். கீழேயிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பாது. 1953-ல்தான் இதை ஒரு நோயாகவே பெயரிட்டு எழுதினார்கள். எங்கள் பாட்டி "ஒருக்களிச்சுப் படு" என்று கர்ப்பிணிகளை அதட்டுவார். காரணம் கேட்டால் கொடி சுற்றிக்கொள்ளும் என்பார். காரணம் தப்பு, சொன்னது சரி. இன்றும் ஆபரேஷன் மேசையில் வலது இடுப்புக்குக் கீழே ஒரு முட்டுக் கொடுத்தோ மேசையைச் சாய்த்தோ தாயை இடப்பக்கம் சரிக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் யோசித்துப் பாருங்கள். கையில் பட்டை கட்டி, குழாயை வைத்துச் சத்தம் கேட்டுப் பிரஷர் பார்க்கும் முறையை ரஷ்யாவின் கொரோட்கோவ் சொன்னதே 1905-ல். முதல் முதுகு ஊசிகளைப் போட்டவர்களுக்குப் பிரஷர் இறங்குகிறது என்று கையில் நாடி பிடித்து ஊகிக்கத்தான் முடிந்திருக்கும்.

அப்புறம் மருந்து எவ்வளவு என்பது. இதற்கு நன்னாரி சர்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் கண்ணாடித் தம்ளரில் முதலில் சிரப்பை ஊற்றித் தண்ணீர் விட்டால், கலக்குகிற வரை சிரப் அடியிலேயே நிற்கும். தம்ளரைச் சாய்த்தால் சாய்ந்த பக்கம் ஓடும். 1907-ல் லண்டனில் ஆர்தர் பார்க்கர் என்ற டாக்டர் இதைத்தான் செய்தார். மருந்தில் குளுக்கோஸ் சேர்த்துக் கனமாக்கினார். முதுகெலும்பின் வளைவைக் கண்ணாடிக் குழாயில் செய்து, சாயம் கலந்த மருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்தார். இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் "ஹெவி" என்று சொல்கிறார்களே, அது இந்தச் சர்க்கரைக் கனம்தான். மருந்தின் பெயர் புபிவகெய்ன். ஒரு மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம் மருந்து, 80 மில்லிகிராம் குளுக்கோஸ். 1957-ல் சுவீடனில் கண்டுபிடிக்கப்பட்டது.

கர்ப்பிணியின் முதுகுத் தண்டைச் சுற்றி ரத்த நாளங்கள் புடைத்திருப்பதால் உள்ளே இடம் குறுகலாக இருக்கும். அதனால் அதே அளவு மருந்து இன்னும் மேலே ஏறும். இதைப் புரிந்துகொள்ளாத காலத்தில்தான் அத்தனை விபரீதம். சிசேரியனுக்கு மருந்து மார்புக்காம்பு மட்டம் வரை ஏற வேண்டும். அடிவயிற்றில்தானே கிழிக்கிறார்கள், எதற்கு அவ்வளவு மேலே என்று நானும் கேட்டேன். தோலுக்கு மட்டும் அல்ல, உள்ளே குடலை மூடியிருக்கும் சவ்வை இழுக்கும்போதும் வலி தெரியக் கூடாது. அதன் நரம்புகள் மேலேயிருந்து வருகின்றன. ஆனால் இன்னும் மேலே போனால் இதயத்தை முடுக்கும் நரம்பும் அணையும். நாடி குறையும், கை மரத்துப்போகும், மூச்சு விடக் கஷ்டமாக இருக்கும்.

ஆகவே இழுபறிதான். குறைத்தால் நடுவில் வலிக்கும், கூட்டினால் பிரஷர் விழும். பொதுவாக 10 முதல் 12 மில்லிகிராம், அதாவது இரண்டு மில்லிலிட்டரும் கொஞ்சமும்; கூடவே துளி அளவு ஃபென்டனில் சேர்த்தால் மருந்தைக் குறைவாக வைத்துக்கொள்ளலாம். ஒரு டீஸ்பூனில் பாதிகூட இல்லை! என் மாணவி சொன்னாள்: "டீச்சர், நீங்க தசம புள்ளி தப்பா வெச்சா முழு மார்க்கையும் கழிப்பீங்களே, அப்ப திட்டிக்கிட்டே இருப்பேன். இப்ப தினமும் தசம புள்ளியிலதான் பொழைப்பு."

இனி நம் ஊர்க் கதை ஒன்று. இது பிரஷர் இறங்குகிற கதை அல்ல, ஏறுகிற கதை. எங்கள் வீட்டில் இதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள்.

என் அப்பாவின் தங்கை 1957-ல் தலைப்பிரசவத்துக்கு மந்தைவெளி வீட்டுக்கு வந்திருந்தார். ஏழாம் மாதம் முடிந்ததிலிருந்து கால் வீக்கம். கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால் ஆண் பிள்ளை என்று சந்தோஷப்பட்டார்களாம். ஒரு ராத்திரி தலைவலி, கண் மங்கல், அப்புறம் வலிப்பு. சாமி வந்துவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள். விடியற்காலையில் வண்டி பிடித்து ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே போய்விட்டார். பிள்ளையும் இல்லை. அவருக்கு வயது 19. நான் பிறந்தது அடுத்த வருடம். அவர் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள்.

கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறி வலிப்பு வருகிற இந்த நோய்க்கு எழும்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கிருஷ்ண மேனன் ஒரு மருந்துக் கூட்டை வகுத்தார். ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார் என்றால் இருபத்தேழு வருடம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்று தெரியும். அவர் பிரசவ மருத்துவர் என்பது பலருக்குத் தெரியாது. முதலியாரும் மேனனும் எழுதிய பிரசவப் பாடப்புத்தகம் இந்தியா முழுக்க மாணவர்கள் படித்தது. அந்த மேனன்தான் இவர். பெத்திடின், குளோர்ப்ரோமசின், ப்ரோமெதசின் என்ற மூன்று மருந்தைச் சேர்த்து நோயாளியை ஆழ்ந்த அமைதியில் வைத்து வலிப்பை நிறுத்துவது. 1961-ல் அதை வெளிநாட்டு மருத்துவ இதழில் எழுதினார். உலகம் முழுக்க "மேனன் முறை" என்று பெயர் வந்தது. பிறகு மெக்னீசியம் சல்பேட் அதைவிட மேல் என்று ஆய்வுகளில் நிரூபணமாகி, மேனன் முறை வழக்கொழிந்தது. அதனால் அவர் பெருமை குறையாது. கையில் இருந்ததை வைத்துக்கொண்டு அந்த வருடங்களில் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்! என் அத்தைக்கு நாலு வருடம் தவறிவிட்டது என்று நான் நினைப்பதுண்டு. ஆனால் அப்பா சொல்வார், மருந்து இருந்திருந்தாலும் வண்டி விடியற்காலையில்தானே கிளம்பியது என்று.

இப்படிப் பிரஷர் ஏறிய தாய்மாருக்கு முதுகு ஊசி கூடவே கூடாது, திடீரென்று விழுந்துவிடும் என்றுதான் நெடுங்காலம் பாடம். பின்னால் அளந்து பார்த்தபோது தலைகீழாக இருந்தது. அவர்களுக்கு மற்றத் தாய்மாரைவிடக் குறைவாகத்தான் இறங்குகிறது. ரத்தம் உறைவதில் கோளாறு இல்லாத வரை இப்போது அவர்களுக்கும் முதுகு ஊசிதான் பெரும்பாலும் நல்லது என்கிறார்கள்.

முழு மயக்கத்தின் கதையையும் சொல்லாமல் விடக் கூடாது, தங்கை மகள் அதைத்தானே கேட்கிறாள். 1947-ல் இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்ட் ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் முதுகு ஊசி போட்டுக்கொண்ட வூலி, ரோ என்ற இருவருக்கும் இடுப்புக்குக் கீழே நிரந்தரமாகச் செயல் போய்விட்டது. கோர்ட்டு வரை போன வழக்கு. மருந்துக் குப்பிகளைக் கிருமிநாசினியில் ஊறவைத்திருந்தார்கள், கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாக அது உள்ளே போனது என்று அப்போது முடிவானது. கருவிகளைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் மிஞ்சியிருந்த அமிலம்தான் காரணம் என்று பின்னால் வேறு விளக்கமும் வந்தது. எதுவானாலும் ஊசியின் குற்றம் அல்ல, சுத்தத்தின் குற்றம். ஆனால் பிரிட்டனில் பல வருடங்களுக்கு முதுகு ஊசி என்றாலே டாக்டர்கள் ஒதுங்கினார்கள். நம் அத்தைகளின் பயத்துக்கு நல்ல பரம்பரை இருக்கிறது பாருங்கள்.

முழு மயக்கத்தில் வேறு ஆபத்து. பிரசவ வலியில் இருக்கிறவருக்கு வயிறு காலியாக நேரமாகும். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது தொண்டைக்கு ஏறி நுரையீரலுக்குள் போய்விடலாம். நியூயார்க்கில் மெண்டல்சன் என்பவர் 1946-ல் 44,016 பிரசவங்களைப் பார்த்து, 66 பேருக்கு இப்படி ஆனதை எழுதினார். அதோடு கர்ப்பிணியின் தொண்டை வீங்கியிருப்பதால் மூச்சுக்குழாயில் குழாய் விடுவதும் கடினம். அவசரத்தில் முழு மயக்கம்தான் கைகொடுக்கும், அது இல்லாமல் முடியாது. ஆனால் நேரம் இருக்கும்போது ஏன்?

எனக்கு 1984-ல் தி.நகர்ப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் முழு மயக்கத்தில்தான் சிசேரியன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காலை பத்து மணிக்குப் பிறந்த என் மகனைச் சாயங்காலம் நான் தெளிவாகக் கண் திறந்து பார்ப்பதற்குள், மாமியார், நாத்தனார், மேல் வீட்டுக்காரர், இட்லி கொண்டுவந்த என் தம்பி எல்லாரும் பார்த்து, யார் ஜாடை என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது!

இனி பிரஷரைத் தூக்கிப் பிடிக்கும் மருந்துகள். இதில்தான் எனக்குப் பிடித்த கதை இருக்கிறது.

சீனத்தில் பல நூற்றாண்டாக மூச்சிரைப்புக்குக் கொடுத்துவந்த மா ஹுவாங் என்ற செடியிலிருந்து, ஜப்பானின் நாகாய் 1885-ல் எபிட்ரினைப் பிரித்தெடுத்தார். 1924-ல் பீக்கிங்கில் செனும் ஷ்மிட்டும் அது பிரஷரை ஏற்றுவதை எழுதினார்கள். சில வருடத்திலேயே முதுகு ஊசியோடு அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். இன்னொரு பக்கம் பினைல்எஃப்ரின் என்ற மருந்தும் இருந்தது. அது ரத்தக் குழாயை நேராக இறுக்கும். கர்ப்பிணிக்கு இரண்டில் எது?

1974-ல் கர்ப்பமான செம்மறி ஆடுகளுக்கு எபிட்ரினையும் பிரஷரை ஏற்றும் வேறு சில மருந்துகளையும் கொடுத்துக் கர்ப்பப்பைக்கு ஓடும் ரத்தத்தை அளந்தார்கள். எபிட்ரின் கொடுத்தால் ரத்த ஓட்டம் கெடவில்லை. குழாயை இறுக்கும் மருந்துகள் குறைத்தன. அவ்வளவுதான், ஏறக்குறைய முப்பது வருடம் உலகம் முழுக்க எபிட்ரின்தான் கர்ப்பிணிக்கு உரியது என்று பாடம். நம் நாட்டில் அதன் உறவுக்கார மருந்தான மெஃபென்டர்மினும் நிறைய ஓடியது. பினைல்எஃப்ரின் என்றால் கைவிரலை மடக்கிவிடுவார்கள்.

அந்த ஆடுகளுக்கு முதுகு ஊசி போடவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே தளர்ந்துபோன குழாயை அளவோடு இறுக்குவது வேறு, சரியாக இருக்கிற குழாயை நெரிப்பது வேறு. 2000-க்குப் பிறகு ஹாங்காங்கில் வாரிக் நன் கீ என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் ஆட்டை விட்டுவிட்டுத் தாய்மாரிடமே அளந்தார்கள். பிள்ளை பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் அமிலம் எவ்வளவு என்று பார்ப்பது. எபிட்ரின் வாங்கிய தாய்மாரின் பிள்ளைகளுக்குத்தான் அமிலம் கூடுதல்! எபிட்ரின் நஞ்சுக்கொடியைத் தாண்டி அதிகமாகப் பிள்ளைக்குள் போய், பிள்ளையின் இதயத்தையும் முடுக்கிவிடுகிறது. பினைல்எஃப்ரின் அவ்வளவு போவதில்லை. 2004-ல் அவர்கள் இன்னொன்றும் காட்டினார்கள்: பிரஷர் விழட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திராமல், ஊசி போட்டவுடனேயே பினைல்எஃப்ரினைச் சொட்டாக ஏற்றி, தாயின் பழைய பிரஷருக்குச் சமமாகவே பிடித்துவைத்தால் வாந்தியும் குறைகிறது, பிள்ளைக்கும் நல்லது. நாடி கொஞ்சம் மெதுவாகும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2018-ல் பல நாட்டு டாக்டர்கள் கூடி எழுதிய வழிகாட்டியில் இதுதான் இருக்கிறது. தாயின் மேல் பிரஷர் வழக்கமான அளவில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 80-க்குக் கீழே போகவிடக் கூடாது. உதாரணமாக 120 இருக்கிறவருக்கு 108-ஐப் பிடித்து நிறுத்த வேண்டும், 96-க்குக் கீழே கூடாது. எட்டாம் வகுப்புக் கணக்கு! முன்பெல்லாம் ஊசிக்கு முன்னாலேயே ஒரு பாட்டில், ஒன்றரைப் பாட்டில் சலைன் ஏற்றிக் காத்திருப்பார்கள். அது நினைத்த அளவு உதவவில்லை. ஊசி போடும் அதே நேரத்தில் வேகமாக ஏற்றுவது மேல் என்று அதையும் மாற்றிக்கொண்டார்கள்.

ஆட்டைப் பார்த்து முப்பது வருடம் பெண்களுக்கு வைத்தியம் நடந்தது என்பது எனக்கு ஒரு பக்கம் கோபம்தான். ஆனால் பாடப்புத்தகத்தில் எழுதியிருந்ததைத் திரும்ப அளந்து பார்த்தவர்களும் டாக்டர்கள்தானே.

சரி, இடுப்பு வலி. என் மாணவியின் பதில் இது. ஊசி போட்ட இடத்தில் சில நாள் கன்றிப்போய் வலிக்கும், உண்மை. வருடக்கணக்கில் நிற்கிற வலிக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சாதாரணப் பிரசவம் ஆனவர்களுக்கும், முழு மயக்கம் வாங்கியவர்களுக்கும் அந்த வலி வருகிறது. ஒன்பது மாதம் முன்பக்கம் பாரம் இழுத்து முதுகு வளைந்திருக்கிறது, மூட்டு நாண்கள் தளர்ந்திருக்கின்றன, அதன் பிறகு குனிந்து குனிந்து பால் கொடுப்பது, தூக்குவது. எனக்கு முதுகு ஊசியே போடவில்லை, நாற்பது வருடமாக இடுப்பு வலி இருக்கிறது. இதை நம் அத்தைகள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தலைவலி வரலாம், அது வேறு. எழுந்தால் வலித்து, படுத்தால் குறைந்தால் உடனே சொல்ல வேண்டும். தலையணை இல்லாமல் அசையாமல் படுத்திருந்தால் வராது என்பதற்கு ஆதாரம் இல்லையாம். விடாமல் இருந்தால், கையிலிருந்து தன் ரத்தத்தையே எடுத்து ஊசி போட்ட இடத்தில் ஒட்டுப்போடுவது போலச் செலுத்துகிறார்கள். சைக்கிள் டியூப் பஞ்சர் மாதிரிதான்! 1960-லிருந்து இருக்கிற வழி.

கடைசியாக ஒன்று. இதெல்லாம் மயிலாப்பூர், அடையாறில் கூப்பிட்ட குரலுக்கு டாக்டர் கிடைக்கிற நமக்கு. தாலுகா ஊர்களில் பிரசவ டாக்டர் இருந்தாலும் மயக்க மருந்து டாக்டர் இல்லாமல், வலியோடு இருக்கிறவரை வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்புவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2000-க்குப் பிறகு இரண்டு காரியம் நடந்தது. 24 மணி நேரமும் சிசேரியன் செய்யக்கூடிய அவசரப் பிரசவ மையங்களைத் தமிழ்நாடு அரசு வரிசையாக ஏற்படுத்தியது. எம்.பி.பி.எஸ். மட்டும் படித்த அரசு டாக்டர்களுக்கு 18 வாரம் மயக்க மருந்துப் பயிற்சி கொடுக்கும் மத்திய அரசுத் திட்டமும் வந்தது. மூன்று வருடம் படிக்க வேண்டியதை 18 வாரத்திலா என்று நிபுணர்கள் முகம் சுளித்தார்கள். அந்தக் கவலை எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஆனால் அந்த ராத்திரியில் அங்கே வேறு யாரும் இல்லையே. ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தமிழ்நாட்டில் 2001–03-ல் 134 தாய்மார் இறந்தார்கள், 2018–20-ல் 54. இந்தக் குறைவுக்கு ரத்தம், ஆம்புலன்ஸ், நர்ஸ்கள் என்று பல காரணம் உண்டு. இன்னொரு பக்கம், 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியனாக இருந்தது. அது வேறு கவலை, வேறு பதிவு.

அந்த 18 வாரப் பயிற்சி எடுத்தவர்களில் ஒருவன் என் மாணவன். அம்மா கபாலீஸ்வரர் கோயில் வடக்கு மாட வீதியில் பூ கட்டி விற்றவர். ஒரு மலையடிவார ஊரில் தனியாக முதல் முதுகு ஊசி போட்ட இரவைப் பற்றிப் போன பொங்கலுக்கு வந்தபோது சொன்னான். மானிட்டரில் நம்பர் மாறுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தாய் சொல்லிவிடுவாராம், "டாக்டர், குமட்டுது" என்று. அந்த வார்த்தை காதில் விழுந்தவுடன் கை தானாக மருந்துச் சிரிஞ்சுக்குப் போய்விடுமாம். அதனால் ஆபரேஷன் முடிகிற வரை அவன் தாயின் தலைமாட்டில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பானாம்: எந்த ஊர், என்ன சமைப்பீங்க, முதல் பிள்ளை என்ன படிக்குது.